பைலுக்குள் நிற்கும் அப்பாவுக்கு

என் அப்பாவுக்கு,

முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். கடிதம் என்றாலே உங்களுக்குக் கை வேர்க்கும் என்று தெரிந்தும் எழுதுகிறேன். நம் வீட்டுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் ஆபீஸிலிருந்து வந்தவைதான். இஸ்தோப்புத் திண்ணையை மறைத்துத் தட்டி கட்டியதற்கு ஒன்று, ஆடு தேயிலைக்குள் இறங்கியதற்கு ஒன்று. நீளக் கவரைக் கண்டால் பிரிக்காமல் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகிவிடுவீர்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசித்துச் சொல்லும்வரை ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்கமாட்டீர்கள். பயப்படாதீர்கள். இது ஆபீஸ் கடிதம் இல்லை. ஆபீஸில் வேலை செய்கிற ஒருத்தி எழுதுகிற கடிதம், அவ்வளவுதான்.

இன்னொரு மன்னிப்பும் கேட்க வேண்டும். இதை மற்றவர்களும் வாசிக்கப் போகிறார்கள். ஒரு பத்திரிகைக்கு அனுப்ப எண்ணியிருக்கிறேன். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம் மரியாதை இல்லை, பயம்தான். உங்களிடம் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த மாதம் உங்கள் மூன்றாம் வருடத் திவசம். இந்த முறை பேப்பரில் படம் போட்டு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நிற்கிறார். "எல்லாருக்கும் போடுறாங்க. ஒங்கப்பா மட்டும் என்னா கொறஞ்சு போனாரு?" என்கிறார். போடலாம். ஆனால் எந்தப் படத்தைப் போடுவது? கல்யாணப் படத்தில் ஈரம் ஏறி உங்கள் பாதி முகம் போய்விட்டது. அடையாள அட்டைப் படத்தில் யாரோ உங்களை அடிக்கப் போகிற மாதிரி விழித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அலுமாரியைக் கவிழ்த்துத் தேடியும் வேறு கிடைக்கவில்லை.

பிறகு ஒரு படம் கிடைத்தது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் அதற்கு முன் என் செய்தியைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது எப்படி என் கைக்கு வந்தது என்று உங்களுக்குப் புரியாது.

நீங்கள் போன மறு வருடம் வீட்டிலிருந்தே படித்து வெளிவாரிப் பட்டத்தை முடித்தேன். நம் லயத்து வரிசை வீடுகளில் முதல் பட்டதாரி என்று கோயில் ஸ்பீக்கரில் என் பெயரைச் சொன்னார்கள். நான் நம் காம்பரா அறையை விட்டு வெளியே வரவில்லை. அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தால் எனக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரியும்தானே. அம்மாவின் முழங்கால் முற்றாக விழுந்துவிட்டது. கொழுந்து பறிக்கப் போவதில்லை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலைக்குப் பதிந்திருந்தால்தான் காம்பரா நம்மிடம் இருக்கும். அதனால் ஆபீஸில் கிளாக்கர் வேலை கேட்டேன், கொடுத்தார்கள். நிரந்தரம் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிறார்கள். நீங்கள் வாசல் தாண்டாத அந்த ஆபீஸுக்குள் எனக்கு உட்கார ஒரு கதிரை இருக்கிறது அப்பா.

இப்போது மறுபடியும் படிக்கிறேன். தொலைக்கல்வியில், சூழல் முகாமைத்துவம். வேலையை விடாமல் படிக்கலாம். பாடப் புத்தகங்களை அவர்களே தருகிறார்கள். ஒப்படைக் கட்டுரைகளைப் போன் வழியாக அனுப்ப வேண்டும். அதற்கு மட்டும் தண்ணீர்த் தாங்கிக்கு மேலே ஏற வேண்டும், அங்கேதான் சிக்னல் வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை கண்டியில் வகுப்பு. முதல் பஸ்ஸில் போய் குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி நடப்பேன்.

நான் இதைப் படிக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் பக்கத்துக் காம்பரா பாக்கியம் அத்தை தண்ணீர்ப் பீலிக்கரையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"காட்டுலயே பொறந்து காட்டுலயே கெடக்கிறோம். இவ டவுனுக்குப் போயி காட்டப் பத்திப் படிச்சிட்டு வாறாளாம்!"

அம்மா குடத்தை வைத்துவிட்டு, "படிச்சா ஒன் வீட்டுக் கோழியவா புடிச்சித் திங்கிறா?" என்று கேட்டார். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

வகுப்பில் நான் கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில் உட்காருவேன். கடைசி வரிசையில் இருப்பவர்களைத்தான் மிஸ் எழுப்பிக் கேள்வி கேட்பார். பாடம் ஆங்கிலத்தில், விளக்கம் பாதி சிங்களத்தில். நான் ஓரத்தில் தமிழில் எழுதிக்கொள்வேன். என் பக்கத்தில் அக்குறணையிலிருந்து வரும் ரிஸ்னா இருப்பாள். அவள் குடும்பத்துக்கு அங்கே துணிக்கடை. வகுப்பில் என்னோடு பேசும் ஒரே ஆள் அவள்தான். அவள் பேசுவாள், நான் தலையாட்டுவேன்.

புத்தகத்தில் ஒரு பாடம் களைக்கும் பூச்சிக்கும் மருந்தடிப்பதைப் பற்றியது. ஆபத்தான பொருள் ஒன்று இருந்தால் முதலில் அதை இல்லாமலாக்கப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் வேறொன்றை மாற்ற வேண்டும். அதுவும் முடியாவிட்டால் வேலை செய்கிற முறையை மாற்ற வேண்டும். எதுவுமே முடியாதபோதுதான் மனிதனுக்குக் கையுறையும் முகமூடியும் கொடுக்க வேண்டும். அவையெல்லாம் கடைசிக் காவல், இருப்பதிலேயே பலவீனமான காவல் என்று படித்தேன். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். உங்களுக்கு அந்தக் கடைசிக் காவல்கூட இருந்ததில்லையே. பழைய சட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, உரப்பையை வெட்டி இடுப்பில் சுற்றிக்கொண்டு, ரப்பர் செருப்போடு மருந்துப் பம்பை முதுகில் தூக்கிக்கொண்டு போவீர்கள். சாயங்காலம் பம்பைக் கீழ் லயத்துப் பீலிக்கு மேலே ஓடையில் கழுவுவீர்கள். "வேற எங்க புள்ள கழுவுறது?" என்று ஒருநாள் என்னைக் கேட்டீர்கள். எனக்கு அப்போது பதில் தெரியாது. இப்போது தெரியும். தெரிந்து என்ன?

கடைசி ஒப்படை கொஞ்சம் பெரியது. ஒவ்வொருவரும் தாங்கள் வேலை செய்யும் இடத்தை ஆராய்ந்து எழுத வேண்டும். அந்த இடத்தில் சூழலும் வேலையாட்களும் எப்படிப் பாதுகாக்கப்படுகிறார்கள் என்று காட்ட வேண்டும். வேலைத்தலத்திலிருந்து அனுமதிக் கடிதம் ஒன்றும் வேண்டும். மிஸ் என்னைக் கேட்டபோது "தேயிலைத் தோட்டம், மிஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ரிஸ்னா என் காதருகே வந்தாள். "ஒங்களுக்கு லேசு. ஒங்கட எடத்துல எல்லாம் பைல்ல ஈக்கிதானே. எங்கட வாப்பாட கடையில பைலே இல்ல. நான் எங்க பெய்த்து தேடுற?"

முன்வரிசையில் இருந்த ஒருவர், பைல் ஒன்று சொல்லி இடம் வேறொன்று சொன்னால் எதை எழுதுவது என்று கேட்டார். மிஸ் சிங்களத்தில் சொன்ன பதிலை நான் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "பைலை நம்பி வேலை செய்தால் பைல் மட்டும்தான் சுத்தமாக இருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை பெரிய கிளாக்கர் ஐயா ஒரு பைலை என் மேசையில் வைத்தார். வெளிநாட்டில் நம் தேயிலையை வாங்குகிறவர்கள் ஒரு சான்றிதழ் கேட்கிறார்கள். அதற்காக வருடம் ஒரு தடவை கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். இந்த முறை வரும் வியாழக்கிழமை, இன்றிலிருந்து நான்கு நாளில், வருகிறார்கள். "போன வருசத்தத அப்புடியே அடி புள்ள. திகதிய மட்டும் மாத்து," என்றார்.

அப்படியே அடித்தேன். பக்கம் பக்கமாக. ஒரு பக்கத்தில் மருந்தடிக்கும் தொழிலாளி ஒருவர் முழுப் பாதுகாப்பு உடையில் நிற்கும் படம். நீலத் தொப்பி, கண்ணாடி, முகமூடி, மஞ்சள் கையுறை, முழங்கால்வரை பூட்ஸ். படத்துக்குக் கீழே இந்த வருடத் திகதியைப் போட்டேன். அச்செடுத்தேன். இயந்திரத்திலிருந்து தாள் மெதுவாக வெளியே வரும்போதுதான் பார்த்தேன். மஞ்சள் கையுறைக்குள் வலது கைச் சுண்டுவிரல் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு மடங்காமல் போன உங்கள் விரல்.

அந்த நாள் எனக்கு நினைவு வந்தது. நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தீர்கள். "இன்னைக்கி என்னைய ராக்கெட்டுல ஏத்தி விடப்போறாங்கன்னு பயந்துட்டேன்," என்றீர்கள். உடுத்திவிட்டு, படம் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள் என்றும் சொன்னீர்கள். நாம் மூன்று பேரும் சிரித்தோம். அதில் கோபப்பட ஏதாவது இருக்கிறது என்று நம் மூவருக்கும் தோன்றவே இல்லை.

அந்தப் படத்துக்கு ஒவ்வொரு வருடமும் புதுத் திகதி போட்டிருக்கிறார்கள். நீங்கள் செத்த வருடமும் போட்டிருக்கிறார்கள். அதற்கடுத்த வருடங்களிலும். இந்த வருடம் போட்டது நான்.

இன்னும் இருக்கிறது. பைலோடு ஒரு கொப்பி. பாதுகாப்பு உடையைப் பெற்றுக்கொண்டேன் என்று மாதா மாதம் மருந்தடிக்கிறவர்கள் கையெழுத்துப் போடும் கொப்பி. தலைப்பு ஆங்கிலத்தில் இருக்கும். பழைய பக்கங்களைப் புரட்டினேன். மாதம் தவறாமல் உங்கள் கையெழுத்து. பெருவிரலை மையில் நனைக்க வெட்கமாக இருக்கிறது என்று சொன்னீர்களே, என் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் நான் பழக்கிக் கொடுத்த அதே கையெழுத்து. எவ்வளவு ஆசையாகப் போட்டிருக்கிறீர்கள்! ஒவ்வொன்றும் கோட்டுக்கு மேலே நேராக நிற்கிறது. என்னவென்று கேட்காமல், காட்டிய இடத்திலெல்லாம் போட்டிருக்கிறீர்கள். நான் பழக்காமல் இருந்திருந்தால்? பெருவிரலை வைத்திருப்பீர்கள், அதுவும் அதே பொய்தான். ஆனாலும் அது என் கையால் வந்த பொய்யாக இருந்திருக்காது.

உங்கள் நோய் மருந்தால் வந்ததா என்று கண்டி பெரியாஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. போன பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. ஒரு தொழிலாளி நோய்ப்பட்டதை மட்டும் வைத்து, காரணம் இதுதான் என்று முடிவு செய்யலாமா? முடியாது என்று எழுதினேன். ஏன் முடியாது என்றும் எழுதினேன். முழுப் புள்ளி கிடைத்தது அப்பா.

படத்தைப் போனில் எடுத்து வந்து அம்மாவிடம் காட்டினேன்.

"இது யாரு?" என்றார். போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டே கொண்டு வந்தார். "அடியே, ஒங்கப்பா நிக்கிற நெலதானே இது!" கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லாத்தான் உடுத்தி வுட்டுருக்காங்க. மொகந்தான் தெரியல. இதப் பேப்பர்ல போட்டா சனத்துக்கு யாருன்னு தெரியுமா?"

அப்போதுதான் பைலைப் பற்றிச் சொன்னேன். அம்மா போனைத் திருப்பித் தந்துவிட்டு அடுப்புக்கு விறகு தள்ளினார். "வாய வச்சிக்கிட்டு சும்மா இரு. இந்தக் காம்பரா போனா நாம எங்க போறது?" என்றார்.

இப்போது உங்கள் பம்பைத் தூக்குகிறவர் செல்வம் அண்ணன். மேல் லயத்துச் செல்வம், உங்களுக்குப் பின்னால் பீடி கேட்டுக்கொண்டு வருவாரே, அவர்தான். கல்யாணம் முடித்துவிட்டார், ஒரு பெண் குழந்தை. போன மாதக் கடைசியில் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். நான் கம்பிகளுக்கு நடுவில் கொப்பியை நீட்டினேன். மூக்கில் கட்டிய சட்டையைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுப் பேனையை வாங்கினார்.

"ஏன் தங்கச்சி, ஒங்க பெட்டிக்குள்ள எனக்கு ஒரு சோடி பூட்ஸ் இருக்காமே? நல்லா இருக்கா? சொகமா இருக்கான்னு கேட்டேன்னு சொல்லு."

அது பொய்க் கையெழுத்து என்று அவருக்குத் தெரியும். உங்களைப்போல் இல்லை, தெரிந்தே போடுகிறார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கொப்பியை உள்ளே எடுத்தேன். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் நம் லயம் தெரியும். லயத்திலிருந்து பார்த்தால் அந்த ஜன்னல் தெரியும். காலையில் அங்கிருந்து இங்கே வருகிறேன், மாலையில் இங்கிருந்து அங்கே போகிறேன். படித்தால் இதற்கு வெளியே போய்விடலாம் என்று நினைத்தேன். படித்தது இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் என்னை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டது. முன்பு நான் எதையும் பார்க்காமல் நடப்பேன். இப்போது எதைப் பார்த்தாலும் அதற்குப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துப் பெரிய கிளாக்கர் ஐயாவிடம், "அந்தப் படத்துல இருக்கிறது எங்கப்பா," என்று சொன்னேன். அதைச் சொல்லக் காலையிலிருந்து மத்தியானம்வரை எடுத்தது.

அவர் தலையை உயர்த்தவில்லை. "தெரியும் புள்ள. நான்தானே எடுத்தேன்."

கொஞ்ச நேரம் பேனையை உருட்டிக்கொண்டிருந்தார். "படத்துல ஒரு கொப்பி அடிச்சுத் தாங்கய்யான்னு ரெண்டு மூணு தடவ வந்து கேட்டாரு. வீட்டுல மாட்டணும், மகள் பாக்கணும்னு. நான் இந்தா அந்தான்னு சொல்லிக்கிட்டே இருந்து குடுக்கல."

நீங்கள் கேட்டதை எங்களிடம் சொல்லவே இல்லையே அப்பா? அந்த உடையில் நீங்கள் அவ்வளவு அழகாக இருப்பதாக நினைத்தீர்களா?

ஐயா கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடம். நான் அழுதுவிடுவேன் என்று பயந்து உடனே ஒரு வழி சொன்னார். "மனசுக்குக் கஷ்டம்னா அத எடுத்துருவோம். செத்தவர வச்சி எதுக்கு. செல்வத்த நிப்பாட்டி புதுசா ஒண்ணு எடுப்போம். ஒன் போன்ல நல்லா வுழும். நீயே எடு."

போன திங்கட்கிழமை எடுத்தோம். ஆபீஸுக்குப் பின்னால், சுவர்ப் பக்கமாக. பெட்டியைத் திறந்ததும் ரப்பர் வாசனை வந்தது. கையுறையில் இன்னும் கடையில் இட்ட வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. பூட்ஸ் சின்னது. செல்வம் அண்ணனின் குதிகால் இறங்கவில்லை, நுனிக்காலில் நின்றார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு. பம்பு தெரியட்டும்," என்றார் ஐயா.

"ஐயா, மூஞ்சியத்தான் மூடியாச்சே. சிரிக்கணுமா, வேணாமா?"

"வாய மூடிக்கிட்டு நில்லுடா."

"மூடித்தான்யா இருக்கு!"

எடுத்தேன் அப்பா. மூன்று படங்கள். மூன்றாவதை எடுத்தபோது, அவருடைய குழந்தை பெரியவளாகி ஒருநாள் இதே படத்துக்குத் திகதி மாற்றுவாளோ என்று நினைத்தேன்.

ஐயா கையுறையை வாங்கக் கையை நீட்டினார். நான் ஏதோ சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "அவரு அதப் போட்டுக்கிட்டே மலைக்கி மருந்தடிக்கப் போகட்டுமே ஐயா."

"எதப் போட்டுக்கிட்டு?"

"அதத்தான். இன்னைக்கி மட்டும்."

ஐயா என்னைப் பார்த்தார். செல்வம் அண்ணன் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து பூட்ஸை மட்டும் கழற்றி வைத்தார். "இது வேணாம் தங்கச்சி, கால் செத்துரும். மத்ததோட போறேன்." பதிலுக்குக் காத்திருக்காமல் பம்பைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். ஐயா பெட்டியை மூடினார். "துரை கேட்டா நீயே சொல்லிக்க," என்றார். மனேஜர் துரை கேட்கவில்லை.

அன்று முழுவதும் எனக்குப் பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. மத்தியானம் மருந்தடிக்கிற மற்ற ஐந்து பேரில் இரண்டு பேர் ஜன்னலுக்கு வந்து நாளைக்குத் தங்கள் முறையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆறு பேருக்கு ஒரு உடை. மறுநாள் காலையில் பெட்டி பூட்டியிருந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமைவரை அழுக்காகக் கூடாது என்று ஐயா சொல்லிவிட்டார்.

செல்வம் அண்ணன் ஜன்னலுக்கு வந்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"நேத்து மூக்கு எரியல தங்கச்சி. தொண்ட காறல. ஒரு நாளு அதப் போட்டே பாத்திருக்கக் கூடாது. இப்ப இந்தச் சட்டையக் கட்டிக்கிட்டுப் போக மனசு வரமாட்டேங்குது."

போகாமல் இருக்க முடியுமா? போனார்.

நான் செய்தது நல்லதா அப்பா? தெரியாமல் இருந்த வேதனையைத் தெரியவைத்துவிட்டு, ஜன்னலுக்கு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன். போனில் இரண்டு ஒப்படைகள் இருக்கின்றன. ஒன்று பைலைப் பார்த்து எழுதியது. அட்டவணை, படம், எல்லாம் சரியாக இருக்கிறது. அதற்கு ஐயா அனுமதிக் கடிதமும் தந்துவிட்டார். மற்றது கண்ணால் பார்த்து எழுதியது. ஒரு பெட்டி, ஒரு உடை, ஆறு பேர், ஓடையில் கழுவும் பம்பு. அதற்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

ரிஸ்னாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். நானாக அவளுக்கு எடுத்த முதல் அழைப்பு, அதனால் முதலில் அவள் பயந்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டாள். "பாஸாகிறதுக்கு மொதலாவதப் போடுங்கோ. நான் ஒங்கள ஒண்டும் நெனக்க மாட்டேன்," என்றாள். பிறகு, "ஆனா எனக்கிட்ட ஏன் கேக்குற? ஒங்களுக்கு அதப் போட ஏலாம ஈக்கி, அதானே?" என்றாள்.

வியாழக்கிழமை வருகிறவர்கள் பைலைப் பார்த்துவிட்டு ஆபீஸில் ஒருவரைக் கூப்பிட்டு, இதைத் தயாரித்தது யார் என்று கேட்பார்களாம். ஐயா சொன்னார். என்னைத்தான் நிறுத்தப் போகிறார். "சும்மா ஆமான்னு தலையாட்டு. ஒனக்கு அதுதானே வரும்," என்றார். போகும்போது குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ரிட்டையராக இன்னும் ரெண்டு வருசம் இருக்கு புள்ள. ஒனக்கு ஒங்கம்மா இருக்கு. பாத்து நடந்துக்க."

இந்தக் கடிதம் அச்சில் வருவதற்குள் அந்த வியாழக்கிழமை போயிருக்கும். வாசிக்கிறவர்களுக்கு வேண்டுமானால் அது பழைய கதையாக இருக்கலாம். எனக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அதனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவர்கள் கேட்டால், தயாரித்தது நான் என்று சொல்வேன். திகதியை மாற்றியதும் நான், படம் எடுத்ததும் நான் என்று சொல்வேன். பிறகு பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்கச் சொல்வேன். ஐயாவின் பெயரைச் சொல்லமாட்டேன். குரல் வராவிட்டால் எழுதிக் கொடுப்பேன். அன்றைக்கே இரண்டாவது ஒப்படையை, கையெழுத்து இல்லாமலே, மிஸ்ஸுக்கு அனுப்புவேன். பெயிலானால் பெயிலாகட்டும்.

அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் ஆறு மாதம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கமாட்டார்கள்.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குக்கூட இது தெரியாது. ஆஸ்பத்திரியில் கடைசி நாளுக்கு முந்திய நாள், அம்மா சுடுதண்ணீர் வாங்கக் கீழே போயிருந்தார். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "என்ன நடந்தாலும் காம்பராவ மட்டும் வுட்டுராத புள்ள. நான் பொறந்த எடம்," என்றீர்கள். நான் "சரி" என்றேன். நீங்கள் கையை விடவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். பிறகுதான் விட்டீர்கள்.

உங்களிடம் நான் எதையும் கேட்டதில்லை. கேட்கத் தெரியாத பிள்ளை என்று நீங்களே சொல்வீர்கள். இப்போது கேட்கிறேன் அப்பா. அந்தச் "சரி"யை எனக்குத் திருப்பித் தாருங்கள். இரண்டையும்.

உங்கள் மகள்,
நிரோஷா